0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40: குடும்ப செடானுக்கு எந்த இன்ஜின் ஆயில்?

காரோடு வந்த கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறது. சர்வீஸ் செய்பவர், "5டபிள்யூ-30 போட்டுவிடலாமா?" என்கிறார். "அதெல்லாம் தண்ணி மாதிரி, இந்த வெயிலுக்கு 10டபிள்யூ-40 போட்டால்தான் இன்ஜின் தாங்கும்" என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். செடான் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்ப வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இது.

மூன்று பேருமே நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார்கள். கையேடு இன்ஜினின் வடிவமைப்பையும் எரிபொருள் சிக்கனத்தையும் பார்க்கிறது. சர்வீஸ்காரர் கையில் என்ன இருப்பு இருக்கிறது என்று பார்க்கிறார். நண்பர் பழைய இன்ஜின்களோடு பழகிய அனுபவத்திலிருந்து பேசுகிறார். வண்டியை வருடக்கணக்கில் ஓட்டப்போகிறவர் நீங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு கொஞ்சம் வேறு.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கையேடு எந்தெந்த கிரேடுகளை அனுமதிக்கிறதோ அந்த வரம்பைத் தாண்ட வேண்டாம். வரம்புக்குள் எதை எடுப்பது என்பதை, உங்கள் ஓட்டத்தில் ஆயில் எவ்வளவு சூடாகிறது, அதில் எவ்வளவு பெட்ரோல் கலக்கிறது என்ற இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள். ஊரின் வெயிலும் காரின் வயதும் அதற்கு அப்புறம்தான்.

## எண்கள் எதைச் சொல்கின்றன

இன்ஜின் ஆயில்களின் பாகுத்தன்மையை, அதாவது தடிப்பை, வகைப்படுத்தும் தரநிலை எஸ்ஏஈ (வாகனப் பொறியாளர்கள் அமைப்பு) வெளியிடும் ஜே300. 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூவும் அதற்கு முன்னால் உள்ள எண்ணும் கடுங்குளிரைப் பற்றியவை: உறையும் குளிரில் ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்ற முடியுமா, பம்ப் ஆயிலை இழுக்க முடியுமா என்று சோதித்துக் கொடுப்பது. சுற்றும் சோதனை 0டபிள்யூவுக்கு மைனஸ் 35 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 10டபிள்யூவுக்கு மைனஸ் 25, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20. பின்னால் வரும் எண், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைச் சொல்கிறது.

"குளிரில் 5, சூட்டில் 30; அப்படியானால் சூடானால் ஆயில் தடிக்கிறது" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ஆயிலும் சூடானால் மெலியத்தான் செய்யும். ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் சுமார் 60 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) இருந்தால், 100 டிகிரியில் பத்து, பதினொன்றுக்கு இறங்கிவிடும். முன் எண்ணும் பின் எண்ணும் இரண்டு தனித்தனி அளவுகோல்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடக்கூடாது.

பின் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அளவுகள் இவை:

| கிரேடு | 100 டிகிரியில் பாகுத்தன்மை (சென்டிஸ்டோக்) | 150 டிகிரியில், கடும் உராய்வின்போது குறைந்தபட்சம் (மில்லிபாஸ்கல்-விநாடி) |
|---|---|---|
| 16 | 6.1 முதல் 8.2க்குள் | 2.3 |
| 20 | 6.9 முதல் 9.3க்குள் | 2.6 |
| 30 | 9.3 முதல் 12.5க்குள் | 2.9 |
| 40 | 12.5 முதல் 16.3க்குள் | 3.5 (15டபிள்யூ-40, 20டபிள்யூ-40க்கு 3.7) |
| 50 | 16.3 முதல் 21.9க்குள் | 3.7 |

அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசையை நன்றாகப் பாருங்கள். கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கில் ஆயில் மிகக் குறுகிய இடைவெளியில் பெரும் வேகத்தில் இழுபடுகிறது. மல்டிகிரேடு ஆயிலில், அதாவது 5டபிள்யூ-30 போல இரண்டு எண்களும் உள்ள ஆயிலில், சேர்த்திருக்கும் பாலிமர் மூலக்கூறுகள் அங்கே ஓட்டத்தின் திசையில் நீண்டுவிடுவதால் ஆயில் தற்காலிகமாக மெலிகிறது. அந்த நிலையிலும் எவ்வளவு தடிப்பு மிஞ்சுகிறது என்பதைத்தான் இந்த அளவு காட்டுகிறது. ஆங்கில முதலெழுத்துகளை வைத்து இதை எச்டிஎச்எஸ் என்பார்கள். பேரிங்கைக் காப்பாற்றுவது இந்த எண்தான். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில் இது இருக்காது, தயாரிப்பாளர் வெளியிடும் தொழில்நுட்பத் தாளில் தேட வேண்டும்.

## எதையெல்லாம் எடைபோட வேண்டும்

முதலாவது, கையேடு. சில கார்களுக்கு ஒரே கிரேடுதான் இருக்கும். சிலவற்றில் வெப்பநிலை அட்டவணையோடு மூன்று நான்கு கிரேடுகள் இருக்கும். டொயோட்டா கையேடுகள் சிலவற்றில், அதிவேகத்திலோ மிகுந்த பாரத்தோடோ ஓட்டினால் தடிப்பு கூடிய ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று ஒரு வரி உண்டு. பலர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, குளிர் ஸ்டார்ட். நிறுத்தி வைத்த இன்ஜினில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். அது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதில் முன் எண்ணுக்குப் பங்கு உண்டு. பனி விழும் ஊரில் இது பெரிய வித்தியாசம். தண்ணீர் ஒருபோதும் உறையாத ஊரில் சின்ன வித்தியாசம்.

மூன்றாவது, ஆயில் உண்மையில் எட்டும் சூடு. வெயில் வாதத்தை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி அருகிலேயே பிடித்து வைக்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஆயிலும் 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். வெளியே 25 டிகிரியிலிருந்து 40க்கு ஏறினால் ஆயிலும் அதே அளவு ஏறிவிடாது. ஆயிலை உண்மையாகச் சூடாக்குவது இன்ஜின் செய்யும் வேலை. ஐந்து பேரும் மூட்டைகளுமாக நீண்ட மலையேற்றம், மணிக்கணக்கில் அதிவேக நெடுஞ்சாலை ஓட்டம், டர்போ தொடர்ந்து அழுத்தம் கொடுப்பது. இவற்றில் ஆயில் 120 டிகிரியைத் தாண்டலாம். கொளுத்தும் வெயிலில் கடைத்தெருவுக்குப் போய்வரும் காரைவிட, குளிர்ந்த மலைச்சாலையில் முழுப் பாரத்தோடு ஏறும் காருக்குத்தான் தடிப்பான ஆயிலின் தேவை அதிகம்.

நான்காவது, பெட்ரோல் கலப்பு. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜின்களில், குளிர்ந்த நிலையில் கொஞ்சம் பெட்ரோல் சுவரில் படிந்து ரிங்குகள் வழியாக ஆயிலில் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் ஆவியாகிப் போய்விடும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆயில் நாளாக நாளாக மெலிந்துகொண்டே போகும்.

மிச்சமிருப்பவை மைலேஜ், கிடைக்கும் வசதி, வாரண்டி. மைலேஜைப் பற்றி அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு இது: 5டபிள்யூ-20க்கான இன்ஜினில் 5டபிள்யூ-30 போட்டால் 1 முதல் 1.5 சதவீதம் குறையலாம். 5டபிள்யூ-30க்கான இன்ஜினில் 10டபிள்யூ-30 போட்டால் 1 முதல் 2 சதவீதம். ஒரு டேங்கில் கண்ணுக்குத் தெரியாது. காரின் முழு ஆயுளுக்கும் கூட்டிப் பார்த்தால் சும்மா விடக்கூடிய தொகையும் இல்லை.

## 0டபிள்யூ-20 (கூடவே 0டபிள்யூ-16)

"அரசாங்க எரிபொருள் விதிக்காக கம்பெனிகள் மெல்லிய ஆயிலைத் திணிக்கின்றன, இன்ஜினுக்கு அது நல்லதல்ல" என்ற பேச்சு பரவலாக உண்டு. முதல் பாதி உண்மை. மைலேஜ் விதிகள்தான் உற்பத்தியாளர்களை மெல்லிய ஆயிலை நோக்கித் தள்ளின. அதே இன்ஜினுக்கு வேறு நாட்டுக் கையேட்டில் இன்னும் தடிப்பான கிரேடுகளும் அனுமதிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். இரண்டாம் பாதியோடு நான் ஒத்துப்போக மாட்டேன். 20 கிரேடுக்காக வடிவமைத்த இன்ஜினில் பேரிங்கின் அகலம், பரப்பின் மெருகு, ஆயில் பம்பின் கொள்ளளவு எல்லாமே அந்த மெல்லிய படலத்தைக் கணக்கில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. சரியான இடைவெளியில் ஆயில் மாற்றி, அளவைக் குறையவிடாமல் பார்த்துக்கொண்டால் அது நன்றாகவே உழைக்கும்.

கையேடு 0டபிள்யூ-20 என்று மட்டும் சொல்லும் காருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஹைபிரிட் செடானுக்கும் இது மிகப் பொருத்தம்: இன்ஜின் அடிக்கடி நின்று மறுபடி கிளம்பும், ஆயில் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். பனி உள்ள ஊர்களில் அதிகாலை ஸ்டார்ட்டுக்கும் 0டபிள்யூதான் முதல் தேர்வு.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. 0டபிள்யூ ஆயிலை சாதாரண கனிம எண்ணெயில் செய்வது நடைமுறையில் முடியாது, அதனால் சிந்தெட்டிக் விலை கொடுத்தாக வேண்டும். அடுத்தது, மேலே சொன்ன பெட்ரோல் கலப்பு. 8.5 சென்டிஸ்டோக்கில் தொடங்கும் ஆயில் மெலிந்து 7க்கு வந்தால் அது கிட்டத்தட்ட 16 கிரேடு ஆயில். 30 கிரேடுக்கு இந்த விஷயத்தில் கைவசம் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதனால் நேரடித் தெளிப்பு இன்ஜினும் குட்டிக் குட்டி ஓட்டங்களும் சேர்ந்தால், கையேட்டில் 'கடின உபயோகம்' என்று போட்டிருக்கும் குறைந்த இடைவெளியில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

0டபிள்யூ-16ஐ அது கேட்கும் இன்ஜினுக்கு மட்டும் ஊற்றுங்கள். 2018 டொயோட்டா கேம்ரியின் 2.5 லிட்டர் இன்ஜினுக்கு அமெரிக்காவில் இதைத்தான் சொன்னார்கள். கிடைக்காவிட்டால் 0டபிள்யூ-20 ஊற்றிக்கொண்டு அடுத்த முறை 16க்குத் திரும்பச் சொல்கிறது கையேடு. கார் உற்பத்தியாளர்கள் சேர்ந்து வகுக்கும் ஐஎல்எஸ்ஏசி தரத்தில்கூட இதற்கு ஜிஎஃப்-6பி என்று தனி வகையும் தனி முத்திரையும் கொடுத்தார்கள், மற்ற கார்களில் தவறிப்போய் ஊற்றிவிடக்கூடாது என்று.

## 5டபிள்யூ-30

குடும்ப செடான்களில் அதிகம் புழங்கும் கிரேடு. எங்கும் கிடைக்கும், விலையிலும் தரத்திலும் பல படிகள் உண்டு. அந்த வசதியே ஒரு குழப்பத்தையும் கொண்டுவருகிறது, ஏனென்றால் 5டபிள்யூ-30 என்று எழுதிய எல்லா டப்பாவுக்குள்ளும் ஒரே மாதிரி ஆயில் இல்லை.

ஐரோப்பிய கார் உற்பத்தியாளர்கள் சங்கமான ஏசிஇஏவின் தரத்தில் சி2 வகைக்கு எச்டிஎச்எஸ் குறைந்தபட்சம் 2.9, சி3 வகைக்கு 3.5. இரண்டிலும் 5டபிள்யூ-30 உண்டு. சி3 முத்திரை உள்ள 5டபிள்யூ-30 பேரிங்குக்குள் கிட்டத்தட்ட 40 கிரேடைப் போலவே நடந்துகொள்ளும். ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரும் எஸ்பி, ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6ஏ முத்திரைகள் மட்டும் உள்ள 5டபிள்யூ-30 அதைவிட மெல்லியதாக இருப்பதே வழக்கம், மைலேஜுக்காகச் செய்யப்பட்டது. ஃபோக்ஸ்வாகனின் சொந்த ஆயில் தரமான 504 00ஐக் கேட்கும் காரில் ஜப்பானிய கார்களுக்கான 5டபிள்யூ-30ஐ ஊற்றிவிட்டு "கிரேடு சரிதானே" என்று நினைப்பது இப்படித்தான் தவறாகிறது. எண் ஒன்றுதான், ஆயில் வேறு.

கையேடு 20, 30 இரண்டையும் அனுமதிக்கும் காரில், கீழ்க்கண்ட ஓட்டம் உங்களுடையதாக இருந்தால் நான் 5டபிள்யூ-30 பக்கம்தான் சாய்வேன்: மாதத்தில் பலமுறை முழுப் பாரத்தோடு வெளியூர்ப் பயணம், மலைச்சாலை, டர்போவோடு நேரடித் தெளிப்பு. சதவீதம் ஒன்றோ ஒன்றரையோ மைலேஜ் போகும்; பதிலுக்குச் சூட்டிலும் பெட்ரோல் கலப்பிலும் கொஞ்சம் கூடுதல் காப்பு கிடைக்கும். ஆயிலில் வரும் பேரங்களில் இது நியாயமானது. நகருக்குள் மட்டும் நிதானமாக ஓடும், டர்போ இல்லாத காருக்கு இந்தப் பேரத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

கையேடு 20 மட்டும்தான் என்கிறது, ஊரில் 20 கிடைக்கவில்லை, அளவு குறைந்துவிட்டது. அப்போது என்ன செய்வது? 5டபிள்யூ-30 ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டு போங்கள். ஏபிஐ உரிமம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடு ஒன்று கலக்கக்கூடியவையாக இருந்தாக வேண்டும் என்பது விதி. குறைந்த அளவு ஆயிலோடு ஓடுவது, பக்கத்து கிரேடைக் கலப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து.

10டபிள்யூ-30 இதன் தம்பி. சூடான பிறகு இரண்டும் ஒரே வரம்புக்குள்தான். முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் தூரம் குறைவு என்பதால் பாலிமர் குறைவாகச் சேர்த்தால் போதும். பாலிமர் அறுபட்டு நாளடைவில் ஆயில் மெலியும் பிரச்சினையும் குறைவு. பனியே இல்லாத ஊரில், கையேட்டில் இதன் பெயரும் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

## 5டபிள்யூ-40, 0டபிள்யூ-40

இவை பெரும்பாலும் ஐரோப்பிய கார்களின் கையேடுகளில் இருக்கும். டர்போ இன்ஜின், தொடர்ந்த அதிவேகம், கடும் பாரம் ஆகியவற்றில் இவற்றின் பலம் தெரியும். எச்டிஎச்எஸ் 3.5க்குக் கீழே போகாது. முன் எண் 0 அல்லது 5 என்பதால் குளிர் ஸ்டார்ட்டிலும் மோசமில்லை. 40 வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால், 10டபிள்யூ-40க்குப் பதில் 5டபிள்யூ-40 எடுப்பதே நல்லது.

முன்பக்க எண்ணைப் பார்த்து வாங்குபவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏசிஇஏ ஏ3/பி4 வகை 5டபிள்யூ-40யில் எரிந்தபின் சாம்பலாகும் சேர்மங்கள் அதிகம். புகைக்குழாயில் துகள் வடிகட்டி உள்ள காரில் இந்தச் சாம்பல் வடிகட்டியை மெல்ல அடைக்கும். அப்படிப்பட்ட காருக்கு சி3 போன்ற குறைந்த சாம்பல் வகைதான் வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைக் காப்பதற்காகத்தான் ஐஎல்எஸ்ஏசி தரம் ஆயிலில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. 40 கிரேடு அந்தத் தரத்துக்குள் வராது. ஆயிலில் மிச்சம் பிடித்து வடிகட்டி மாற்றும் நிலைக்கு வந்தால் அந்தச் செலவு எத்தனையோ ஆயில் மாற்றங்களை விழுங்கிவிடும்.

## 10டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50

கையேடே இவற்றைக் கேட்கும் பழைய இன்ஜின்களுக்கு இவை சரியான ஆயில்கள்தான், குறைசொல்ல ஒன்றுமில்லை. 15டபிள்யூ-40 வாங்கினால் டப்பாவில் ஏபிஐயின் எஸ் வரிசை எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். சி வரிசை மட்டும் இருந்தால் அது கனரக டீசல் இன்ஜினுக்காகச் செய்தது.

மற்ற கார்களில் இவற்றை ஊற்றுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். இன்றைய இன்ஜின்களில் ஆயிலுக்கு உயவு மட்டும் வேலை இல்லை. வால்வ் டைமிங்கை மாற்றும் கருவி ஆயில் அழுத்தத்தில்தான் நகர்கிறது. டைமிங் செயினின் டென்ஷனரும் அப்படியே. தடிப்பான ஆயில் சின்னத் துளைகள் வழியாகத் தாமதமாகப் போனால், கணினி எதிர்பார்த்த நேரத்தில் கேம்ஷாஃப்ட் திரும்பாது. செக் இன்ஜின் விளக்கு எரியும். "ஆயில் பிரஷர் மீட்டர் ஏறியிருக்கிறது, நல்லதுதானே" என்றும் சொல்வார்கள். குளிர்ந்த நிலையில் தடிப்பான ஆயிலின் அழுத்தம் ஏறியதும் பம்பின் ரிலீஃப் வால்வ் திறந்து ஒரு பங்கு ஆயில் பேரிங் பக்கமே போகாமல் திரும்பிவிடும். ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறக்கலாம். அப்போது வடிகட்டாத ஆயில் இன்ஜினுக்குள் சுற்றும்.

பழைய கார் ஆயில் குடிக்கிறது, அதனால் தடிப்பான ஆயில் என்பது இன்னொரு பழக்கம். புகை கொஞ்சம் குறையலாம், சத்தமும் அடங்கலாம். ஆனால் காரணம் வால்வ் சீல், அடைத்த பிசிவி வால்வ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுப்பது), ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் என ஏதோ ஒன்றாக இருக்கும். பிசிவி வால்வ் பல கார்களில் மலிவான பாகம். அதை முதலில் பார்க்காமல் 20டபிள்யூ-50 ஊற்றுவது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் அடக்குவது. கிலோமீட்டர் நிறைய ஓடியிருந்தாலும் ஆயில் குறையாத இன்ஜினுக்கு கிரேடை ஏற்றவே தேவையில்லை.

## கிரேடுக்கும் மேலே ஒன்று

சரி, கிரேடு முடிவாகிவிட்டது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த சுழற்சியில் கடுமையாக முடுக்கும்போது கலவை முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் சிக்கல் உண்டு. ஆயிலில் உள்ள கால்சியம் வகைச் சுத்திகரிப்புச் சேர்மங்கள் அதைக் கூட்டுகின்றன என்று தெரியவந்ததும் ஆயிலின் கலவையையே மாற்றினார்கள். 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கும் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதனைகள் இருக்கின்றன. 2025 மார்ச் இறுதியில் அதற்கு அடுத்த தரமான எஸ்கியூ வந்தது. டர்போ செடானில் பழைய தரத்து 5டபிள்யூ-40யைவிட, கையேடு அனுமதிக்கும் பட்சத்தில், எஸ்பி தரத்து 5டபிள்யூ-30தான் பாதுகாப்பு. டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடும் இன்ஜின்களில், உற்பத்தியாளரின் ஒப்புதல் எண் டப்பாவில் எழுத்துக்கு எழுத்து இருந்தாக வேண்டும். தவறான ஆயிலில் பெல்ட் ஊறிப் பிய்ந்து, அந்தத் துணுக்குகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும்.

வாரண்டிக் காலத்தில் கையேட்டுக்கு வெளியே போகவே வேண்டாம். ஆயில் வாங்கிய ரசீதில் கிரேடும் தரமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்புக்குள் கிரேடு மாற்றினால், சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே மாதிரி பாருங்கள். அளவு குறைந்தால் கசிவையும் பிசிவி வால்வையும் தேடுங்கள். அளவு ஏறி, குச்சியில் பெட்ரோல் வாசனை அடித்தால், கிரேடை மறுபடி மாற்றுவதற்கு முன் ஆயிலை மாற்றிவிட்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் வண்டியை நீண்ட சாலையில் ஓட்டுங்கள். அப்படியும் ஏறினால் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.